விரலி விலைக்குக் கிழங்கு

ஈரோட்டு மஞ்சள் மண்டியில நாப்பது வருஷம் எடை போட்டவனுங்க நான். படிப்பு அஞ்சாங்கிளாசு. ஆனா ஒரு மூட்டையைத் தூக்கிப் பாத்தாவே, உள்ளாற மஞ்சள் எத்தனை, மண்ணு எத்தனை, ஈரம் எத்தனைன்னு சொல்லிப்போடுவேன். இப்ப அந்தக் கை சும்மா கெடக்குது. முழங்கால் வலின்னு மகன் கோயமுத்தூருக்குக் கூட்டியாந்து மூணாவது மாடியில உக்கார வெச்சுட்டான். சும்மா கெடக்கற கை என்ன பண்ணும்? சமையக்கட்டுல போயி மூக்கை நீட்டும். கை எப்படி மூக்கை நீட்டும்னு கேக்காதீங்க, மருமக ஏற்கெனவே கேட்டுட்டா.

வெடியால ஏழேமுக்கால். எட்டுக்கு ஸ்கூல் வேன். பேரன் ரெண்டாவது படிக்கறான். மருமக ஒரு கையில அவனுக்கு டை மாட்டறா, இன்னொரு கையில அலமாரியில இருந்து ஒரு அட்டைப் பொட்டியை எடுக்கறா. பொட்டி மேல ஒரு மிருகம். என்ன மிருகம்னு சொல்ல மாட்டேன், அதுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க. அது கண்ணடிச்சுட்டு, கட்டை விரலைத் தூக்கிக் காட்டுது. எங்க மண்டியில எந்தத் தரகனாச்சும் கண்ணடிச்சுக் கட்டை விரலைத் தூக்கினான்னா, அவன் மூட்டையை நான் ரெண்டு தடவை குத்திப் பாப்பேன்.

கலகலன்னு கிண்ணத்துல கொட்டினா. பாலை ஊத்தினா. வெள்ளைப் பாலு ரெண்டே நிமிஷத்துல காப்பிக் கலராயிருச்சு. பேரன் கரண்டியில நாலு வாய் தின்னான். மீதியை அப்படியே தூக்கி மடக்கு மடக்குன்னு குடிச்சான். அந்தக் கலர் மாறுன பாலுலதான் அவனுக்கு உசுரு. மேலுதட்டுல மீசை மாதிரி ஒட்டிக்கிச்சு. அதையும் நாக்குல வழிச்சான்.

"என்ன அம்மிணி இது?"ன்னு கேட்டேன்.

"டிபனுங்க மாமா."

"அட, டிபனா? நான் தின்பண்டம்னு நெனச்சேன். பொழுதோட குடுக்க வேண்டியதை வெடியாலயே மாத்திக் குடுத்துட்டயோன்னு பாத்தேன்."

"இதுல விட்டமின், இரும்புச்சத்து எல்லாம் இருக்குதுங்க மாமா. பொட்டியிலயே போட்டிருக்காங்க."

"பொட்டியிலயே போட்டிருக்காங்களா? அப்பச் சரி. நம்ம தரகனும் சீட்டுலயே எழுதித்தான் குடுப்பான்"னேன். அவ மொறைச்சா. வேன்காரன் ஆரன் அடிச்சான். அன்னைக்குப் பஞ்சாயத்து அதோட முடிஞ்சுது.

மஞ்சள் யாவாரத்துல ஒரு சங்கதி இருக்குதுங்க. விரலின்னு ஒண்ணு, கிழங்குன்னு ஒண்ணு. விரலிக்கு வெல கூட, கிழங்குக்குக் கொஞ்சம் கம்மி. கிழங்கு கெட்டதுன்னு ஆரும் சொல்ல மாட்டாங்க, அதுவும் மஞ்சள்தான். ஆனா மேலாப்புல நாலு விரலியைப் பரப்பி, அடியில கிழங்கைக் கொட்டி, விரலி வெல கேட்டான் பாருங்க, அவன்தான் திருடன். அதுக்குத்தான் மூட்டையைக் குத்திப் பாக்க ஊசி வெச்சிருப்போம். குத்தி இழுத்தா அடியில இருக்கறது கையில வந்துரும். பொட்டிக்கும் அப்படி ஒரு ஊசி இருக்குது. முன்னால பாக்கற பொட்டியைத் திருப்பிப் பின்னால பாக்கறதுதான் அந்த ஊசி.

சனிக்கெழமை லீவு. மருமக கேக்கு செய்யறதுக்குன்னு ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கி வெச்சிருக்கறா. அதைப் பாத்ததும் எனக்குக் கை நமநமன்னு வந்துருச்சு. பேரனைக் கூப்பிட்டு, "கண்ணு, நீ அன்னாடு தின்கற மாதிரி கொட்டு பாக்கலாம்"னேன். கொட்டினான். கிண்ணத்து எடையைக் கழிச்சா 58 கிராம். பொட்டிக்குப் பின்னால எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. என் மக வயித்துப் பேத்தி காலேசு படிக்கறா, லீவுக்கு வந்திருந்தா. அவளைப் படிக்கச் சொன்னேன். "ஒரு தடவைக்கு 30 கிராம்னு போட்டிருக்குதுங்க அப்பிச்சி"ன்னா.

சரீன்னு 30 கிராம் அளந்து இன்னொரு கிண்ணத்துல போட்டேன். அடி கூட மறையலை. பேரன் எட்டிப் பாத்துட்டு, "அப்பாரு, இது குருவிக்கா?"ன்னு கேட்டான்.

பொட்டியில பெருசு பெருசா எழுதியிருக்கற சத்தெல்லாம் மனுசன் தின்கறதுக்கு. கணக்கு மட்டும் குருவிக்கு.

"சேத்த சர்க்கரை எத்தனைன்னு போட்டிருக்கறான்?"னேன். "100 கிராமுல 30 கிராமுங்க." அப்பறம் என்ன, 58 கிராமுக்கு 17 கிராமுக்கு மேல வருது. அஸ்கா டப்பாவை எடுத்து, ஒரு வட்டல்ல டீக்கரண்டியில அளந்து கொட்டினேன். நாலு கரண்டி, அதுக்கு மேல ஒரு சிட்டிகை. வட்டலைக் கொண்டுபோயி மருமக முன்னால வெச்சேன். ஒண்ணும் பேசலை. எடை போடறவன் பேசப்படாது, முள்ளுதான் பேசோணும்.

ரெண்டு வயசுல இருந்து பதினெட்டு வயசு வரைக்கும் பிள்ளைங்களுக்கு மேக்கொண்டு சேக்கற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ளதான் இருக்கோணும்னு அமெரிக்கா இதய நோய் சங்கத்துக்காரங்க 2016ல சொல்லியிருக்கறாங்களாம், பேத்தி படிச்சுக் காட்டினா. அப்ப பாத்துக்கோங்க, பொழுது கெழக்கால ஒரு முழம் ஏறலை, பேரன் அன்னைய கோட்டாவுல மூணுல ரெண்டு பங்கை முடிச்சுட்டு வேன் ஏறிட்டான். அப்பறம் ஸ்கூலு பிஸ்கோத்து, எவனோ ஒருத்தன் பொறந்தநாளு சாக்லேட்டு, சாயங்காலம் ஊட்டுல பால்ல கலக்கற பொடி. அதெல்லாம் எந்தக் கணக்குல?

இந்தப் பொட்டி டிபன் எங்கிருந்துதான் வந்துச்சுன்னு பேத்தியைக் கேட்டேன். அவ சொன்ன கதை நம்மூர் வரப்புத் தகராறு மாதிரியே இருந்துச்சுங்க.

அமெரிக்காவுல மிச்சிகன்னு ஒரு சீமை. அங்க பேட்டில் கிரீக்னு ஒரு ஊரு. அங்க ஜான் ஹார்வி கெல்லாக்னு ஒரு டாக்டரு ஆசுபத்திரி நடத்தினாரு. கறி கூடாது, காப்பி கூடாது, சாராயம் கூடாதுன்னு ரொம்பக் கறாரு. அவரு தம்பி வில் கெல்லாக் அங்கயே கணக்கு வழக்குப் பாத்துட்டு இருந்தாரு. 1894ல, வேக வெச்ச கோதும மாவை மறந்து வெச்சுட்டாங்களாம். அது காஞ்சு போச்சு. வீணாப் போவானேன்னு உருளையில விட்டு நசுக்கினா, ஏடு ஏடா உதுந்துச்சு. வறுத்துத் தின்னு பாத்தா நல்லா இருந்துச்சு. அப்பறம் கோதுமைக்குப் பதிலா மக்காச்சோளத்துல செஞ்சாங்க.

தம்பி பாத்தாரு, இதுல துட்டு இருக்குதுன்னு. கொஞ்சம் சர்க்கரை போட்டா ஊரே வாங்கும்னாரு. அண்ணன், நோவாளிக்குச் சர்க்கரையான்னு எகிறிக் குதிச்சாரு. தம்பி 1906ல தனியாக் கம்பெனி போட்டுட்டாரு. அண்ணந் தம்பி கோர்ட்டு வாசப்படி ஏறினாங்க. கடைசியில செயிச்சது ஆருன்னு கேக்கோணுமா? கணக்குப் பாக்கறவன்தான் செயிப்பான். ஆனா ஒண்ணு பாருங்க, அண்ணன் 91 வயசு வரைக்கும் இருந்தாரு, தம்பியும் 91 வயசு வரைக்கும் இருந்தாரு. அவங்க சின்னப் பையனா இருந்த காலத்துல இந்தப் பொட்டி கெடையாது.

கதை கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தானியத்தை வேக வெச்சு நசுக்கினா ஏடு வரும்னு கண்டுபுடிக்க ஒரு டாக்டரும் ஒரு மறதியும் வேண்டியிருந்துதாக்கும்! எங்க ஆத்தா நெல்லை ராத்திரி ஊற வெச்சு, வெடியால மண்சட்டியில வறுத்து, சூடு ஆறும் முன்னால உரல்ல போட்டு ரெண்டு பேரு மாத்தி மாத்தி உலக்கை போடுவாங்க. தட்டையா வரும். புடைச்சு எடுத்தா அவலு. அதுக்கு ஆரும் கம்பெனி போடலை, கோர்ட்டுக்கும் போகலை. அவலுப் பானை மேல மிருகம் படம் போடோணும்னும் எங்க ஆத்தாளுக்குத் தோணலை. பானைகிட்ட வந்த ஒரே மிருகம் எலி.

அமெரிக்காக்காரன் மொதல்ல கொஞ்சமாத்தான் சர்க்கரை போட்டான். 1949, 52, 53ன்னு வருசம் ஓட ஓட, சர்க்கரையை மேலயே பூசி விக்க ஆரம்பிச்சுட்டாங்க. சுகர் கிரிஸ்ப்னு ஒண்ணு, சுகர் ஃப்ராஸ்டட் ஃபிளேக்ஸ்னு ஒண்ணு, சுகர் ஸ்மாக்ஸ்னு ஒண்ணு. அந்தக் கடைசிச் சரக்குல பாதிக்கு மேல, 100 கிராமுல 55 கிராமுக்கு மேல சர்க்கரைதான். அப்ப அது தானியத்துல சர்க்கரையா, சர்க்கரையில தானியமா? இருந்தாலும் அந்தக் காலத்து யாவாரியை நான் மெச்சிக்குவேன். பேருலயே சுகர்னு எழுதி வித்தான். கிழங்கைக் கிழங்குன்னே வித்தான். அப்பறம் சர்க்கரைன்னா சனங்க பயப்பட ஆரம்பிச்சாங்க. 1980கள்ல என்ன பண்ணினாங்க தெரியுமா? ஒண்ணுக்கு சுகர்ங்கறதை எடுத்துட்டுக் கோல்டன்னு வெச்சாங்க, இன்னொண்ணுக்கு ஹனின்னு வெச்சாங்க, நடுவாளதுல அந்த வார்த்தையையே வழிச்சு எடுத்துட்டாங்க. மூட்டை அதே மூட்டை, சீட்டு மட்டும் மாறுச்சு. எங்க மண்டியில இப்படிப் பண்ணினா அடுத்த சந்தைக்கு அவனை உள்ள விட மாட்டோம்.

வெளிநாட்டுல சில பக்கம் முழிச்சுக்கிட்டாங்க. சிலின்னு ஒரு நாடு, 2016ல சட்டத்தை அமலுக்குக் கொண்டாந்தாங்க. சர்க்கரை கூடப் போன பொட்டி மேல எட்டுமூலைக் கறுப்பு முத்திரை குத்தோணும். பிள்ளைங்களை மயக்கற பொம்மைப் படம் போடப்படாது. பொட்டி மேல அறுபது வருசத்துக்கு மேல நின்னுட்டு இருந்த டோனிங்கற புலியைக் கீழ எறக்கி உட்டுட்டாங்க. புலியை முறத்துல அடிச்சு வெரட்டின பொம்பளை கதையைக் கேட்டு வளந்தவங்க நாம. இப்ப புலியை அலமாரியில குடி வெச்சு, பாலும் ஊத்திக்கிட்டு இருக்கறோம்.

இங்கிலாந்துல அதைவிட வேடிக்கை. சர்க்கரை கூடின பண்டத்தைக் கடை வாசல்ல, எல்லாரும் பாக்கற எடத்துல வெக்கப்படாதுன்னு அரசாங்கம் சொல்லுச்சு. கெல்லாக் கம்பெனி கோர்ட்டுக்குப் போயி, "எங்க பண்டத்தை ஆரும் தனியாத் திங்கறதில்லீங்க சாமி, பாலு ஊத்தித்தான் திங்கறாங்க, பாலையும் சேத்துக் கணக்குப் போடுங்க"ன்னு கேட்டாங்க. 2022ல கோர்ட்டு, அந்தக் கணக்கு ஆகாதுன்னுருச்சு. பால் ஊத்தறதால பொட்டியில இருக்கற சர்க்கரை எங்கயும் ஓடிப்போயிராதுன்னு அர்த்தம். மண்ணு கலந்த மஞ்சளைக் கொண்டாந்து, "வாங்கறவங்க கழுவித்தானே அரைக்கப் போறாங்க, அப்பறம் எடை போடுங்க"ன்னு ஒருத்தன் எங்கிட்ட ஒருக்கா வந்தான். அவனுக்கு இங்கிலாந்துல பங்காளி இருப்பான்னு எனக்கு அப்பத் தெரியாம போச்சு.

நம்ம நாட்டுக்கு அந்தக் கம்பெனி 1994ல வந்துச்சு. மொறுமொறுன்னு இருக்கோணும்னா சில்லுனு பால் ஊத்தோணும். நம்ம சனங்க பாலைக் காச்சாம தொடுவாங்களா? கொதிக்கக் கொதிக்க ஊத்தினாங்க. மொறுமொறுப்பு கொழகொழன்னு கஞ்சியாயிருச்சு. சில்லுனு ஊத்தினவங்களுக்கோ, சர்க்கரையை அள்ளிப் போட்டாலும் கரையலை. கஞ்சிக்கு இத்தனை வெலையான்னு நம்மாளுக திரும்பியே பாக்கலை. ரெண்டு வருசம் கழிச்சு, சாக்லேட்டு பூசினது வந்துச்சு. பெரியவங்களை உட்டுட்டுப் பிள்ளைங்க வழியா ஊட்டுக்குள்ளாற வந்தாங்க. கிழவனுக்கு ஆவாத பண்டத்தைப் பேரன் கையில குடுத்தனுப்பினா, கிழவனே பையில இருந்து துட்டை எடுத்துக் குடுப்பான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குது.

ஸ்கூல் இருக்கற ஒரு நாள் வெடியால, இத்தனையும் மருமககிட்டச் சொன்னேன். அவ ஒண்ணும் லேசுப்பட்டவ இல்ல. வெங்காயம் அரிஞ்சுட்டே கேட்டா.

"மாமா, நீங்க ஒரு நாளும் இந்தப் பொட்டியைத் தொட்டதில்ல. உங்களுக்கு எப்படிங்க சுகர் வந்துச்சு?"

நறுக்குன்னு கேட்டுப்போட்டா. நானும் கணக்குப் போட்டுப் பாத்தேன். மண்டியில ஒரு நாளைக்கு எட்டு டீ. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கரண்டி. அப்பப் பதினாறு கரண்டி, 64 கிராம். நாப்பது வருசம் ஊரு மஞ்சளை எடை போட்டவனை ஒருத்தனும் எடை போடலை. அந்த டீக்கடைத் தம்ளர் மேல மிருகமும் இல்ல, முத்திரையும் இல்ல. அதனால நம்ம காலத்துல எல்லாம் சுத்தம், இப்பத்தான் கெட்டுப்போச்சுன்னு சொல்ற வாயை நான் மூடிக்கிட்டேன். நீங்களும் மூடிக்கிட்டா நல்லது. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேனு, எது போட்டாலும் அது சர்க்கரைதானுங்க. கருப்பட்டி கறுப்பா இருக்கறதால சாமி ஆயிராது.

அடுத்தாப்புல கேட்டா: "அஞ்சு மணிக்கு எந்திரிக்கறேன், எட்டரைக்கு ஆபீசுல இருக்கோணும். களி கெளர்றது ஆருங்க மாமா?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. எங்க ஊட்டுல ராகி அரைச்சது ஆத்தா. கம்பு இடிச்சது ஊட்டுக்காரி. கம்மஞ்சோத்துல மோரு ஊத்திக் கரைச்சுக் குடிச்ச கை மட்டும்தான் என்னது. "எங்க காலத்துல ராகிக்களி"ன்னு பேசற கெழவன் ஒருத்தனாச்சும் களி கெளறி நான் பாத்ததில்ல. 100 கிராம் ராகியில 300 மில்லிகிராமுக்கு மேல சுண்ணாம்புச்சத்து இருக்குதுன்னு பேசறது லேசு. துடுப்புப் புடிச்சுப் பாத்தாத்தான் தோள்பட்டையில எத்தனை சத்து இருக்குதுன்னு தெரியும்.

மூணாவதா இன்னொண்ணு சொன்னா, அதுலயும் ஞாயம் இருக்குது. நம்ம நாட்டுல அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்கள்ல 100க்கு 67 பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 சர்க்கார் கணக்கெடுப்புல வந்திருக்குதாம். பொட்டிக்காரன் இரும்புச்சத்தைச் சேத்துத்தான் விக்கறான். ஒண்ணுமே திங்காம போற பிள்ளை அதையாச்சும் பாலோட திங்கட்டுமேன்னா. சரிதான் அம்மிணி. ஆனா இரும்பு வேணும்னு நாலு கரண்டி அஸ்காவையும் சேத்து வாங்கறது, ஒரு ஆணிக்காக ஊட்டையே வெலைக்கு வாங்கற கதை. கம்புலயும் இரும்பு இருக்குது, கீரையிலயும் இருக்குது, நேத்து நீ வெச்ச தட்டைப்பயிறுக் கொழம்புலயும் இருக்குது. அதுக மேல ஆரும் படம் போடலை, அவ்வளவுதான்.

இந்தப் பேச்சு நடந்துட்டு இருக்கறப்பவே கீழ வாச்மேன் ஊட்டுப் பொண்ணு பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பினா. மாநகராட்சிப் பள்ளிக்கூடம். அங்க காலையில சர்க்காரு டிபன். 2022 செப்டம்பர் 15ல மதுரையில ஆரம்பிச்சு, அடுத்த வருசமே எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் கொண்டு போயிட்டாங்க. உப்புமா, கிச்சடி, பொங்கல், காயி போட்ட சாம்பாரு. "இன்னைக்கு என்ன சாமி?"ன்னு மாடியில இருந்து கேட்டேன். "பொங்கலுங்க தாத்தா!"ன்னு கத்திட்டு ஓடினா. பீசு கட்டாத பிள்ளைக்குச் சுடச்சுடப் பொங்கலு, லட்ச ரூவா பீசு கட்டற எம் பேரனுக்கு அட்டைப் பொட்டி. இதுல ஏழை ஆரு, பணக்காரன் ஆருன்னு எனக்குச் சித்த நேரம் கொழம்பிப் போச்சு.

அப்ப என்னதான் சொல்ல வர்றீங்க, குடுக்கலாமா வேண்டாமான்னு கேப்பீங்க. தாராளமாக் குடுங்க. முறுக்கு குடுக்கறமே, அதிரசம் குடுக்கறமே, ஆராச்சும் வேண்டாங்கறமா? பிள்ளைன்னா இனிப்புத் திங்கோணும். ஆனா அதிரசத்தைத் தட்டுல போட்டு, இதுதான் கண்ணு உன்ற டிபன், தெம்பா இருப்பேன்னு ஆரும் சொல்றதில்ல. கிழங்கைக் கிழங்கு வெலைக்கு வாங்குங்க. விரலின்னு நம்பி வாங்காதீங்க. அவ்வளவுதான் என்ற தீர்ப்பு.

வாங்கறப்ப ஊசியை எடுத்துக்கிட்டுப் போங்க. பொட்டியைத் திருப்புங்க. என்னென்ன போட்டிருக்குதுன்னு எழுதியிருக்கறதுல, எடை எது கூடவோ அதுதான் மொதல்ல வரோணும்னு சட்டம். மொத மூணு பேருக்குள்ளாற சர்க்கரை வந்தா அது மிட்டாயிக்குப் பங்காளி. சில சமயம் சர்க்கரை ஒரே பேருல வராது. குளுக்கோஸ் சிரப்பு, மால்ட்டு சாறு, தேனுன்னு நாலு பேருல பிரிஞ்சு, ஒறம்பரை மாதிரி ஒவ்வொருத்தராத் தனித்தனியா வந்து பந்தியில உக்காரும். எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டுங்க. முன்னால "ராகி சேத்தது"ன்னு பெருசா இருந்தா, பின்னால எத்தனை சதம்னு பாருங்க. சிலதுல கோயில் பொங்கல்ல முந்திரி தேடற மாதிரி தேடோணும்.

எங்க ஊட்டுல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. களிக்கு நான் போகலை, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவலு என்னால ஆகும். தண்ணியில அலசி, அஞ்சு நிமிசம் மூடி வெச்சு, தேங்காத் துருவலும் ஒரு வாழைப்பழமும் போட்டா முடிஞ்சுது. ஒரு நாளைக்கு அதுவே தயிரும் கடுகும் போட்டு வரும். அடுப்படிப் பக்கமே போவாத மாமனாரு மூடியைத் தொறக்கறதைப் பாத்து மருமக போட்டோ புடிச்சுக் குடும்பக் குரூப்புல போட்டுட்டா. இட்டிலி மாவு இருக்கற நாளு அவ பாத்துக்குவா. மாவு தீந்த நாளு என்ற முறை. அந்தப் பொட்டியை ஆரும் தூக்கி எறியலை. அலமாரியில இருந்து எடுத்து, அட்டாலியில முறுக்கு டப்பா பக்கத்துல வெச்சோம். பொழுதோட வெளையாடிட்டு வந்தா ஒரு கைப்பிடி, பொரிகடலை கூட. இடம் மாறினதுக்கு மொத ரெண்டு நாளு பேரன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தான். மூணாம் நாளு மறந்துட்டான்.

ஆனா ஒண்ணு, அந்தத் தராசு வெனையாப் போச்சு. பயலுக்கு எடை போடற கிறுக்குப் புடிச்சுக்கிச்சு. பென்சிலு, செருப்பு, பல்லி முட்டை, எல்லாத்தையும் எடை போடறான். நேத்து நான் கடைக்குப் போயிட்டு வந்து ஊஞ்சல்ல உக்காந்தேன். தராசைத் தூக்கிட்டு முன்னால வந்து நின்னான்.

"அப்பாரு, உங்க சட்டைச் சோப்புல இருக்கறதை எடை போடலாமா?"

"அதுல மூக்குக்கண்ணாடி கூடுதான் கண்ணு."

அவன் பேசலை. என்ற கிட்டப் படிச்சவன்தானே. கையை உட்டு எடுத்தான். காயிதத்துல சுத்தின மைசூர்ப்பாகு.

45 கிராமுங்க, காயிதம் நீங்கலா.